சுவரின் கனம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் கட்டடம் எனக்குப் பிடித்திருக்கிறது. நேற்று வந்ததுமே அதைத்தான் சொல்ல நினைத்தேன், அதற்குள் நீங்கள் பெயர், ஊர், அப்பா பெயர் என்று ஆரம்பித்துவிட்டீர்கள். பழைய காலத்துக் கல் கட்டடம். இந்த ஜன்னல் விளிம்பில் என் முழங்கை முழுதாக அடங்குகிறது, பாருங்கள், அவ்வளவு கனமான சுவர். எங்கள் மலையில் எல்லோருக்கும் மர வீடுதான். கீழே இடுப்பளவு கல், அதற்கு மேலே பைன் பலகை. குளிருக்கு நல்லது. வேறு எதற்கும் அது நல்லதில்லை என்பது எனக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது.

லசாரை விட்டுவிடுங்கள், அய்யா. அதற்காகத்தான் வந்தேன். பையன் என் மகள் டுன்யாவின் கொழுந்தன். கல்யாணத்தன்று சுட்டது அவன் கைதான். ஆனால் என் பக்கத்து வீட்டு விடோயேயைக் கொன்றது அவன் இல்லை. அவசரப்படாமல் கேட்டால் வரிசையாகச் சொல்கிறேன். என் பெயர் ரடோமிர் என்பதைத் தவிர நேற்று நான் உங்களிடம் எதுவும் உருப்படியாகச் சொல்லவில்லை, நீங்களும் ராத்திரி என்னை இங்கேயே அடைத்துவிட்டீர்கள்.

போன இலையுதிர்காலத்தில், ராஸ்பெரிச் செடிகளைக் கட்டி முடித்த வாரம், விடோயே ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வந்தான். ராணுவத்திலிருந்து வெளியே வந்த பழைய சரக்கு. எங்கள் பக்கம் அது அதிசயம் இல்லை. போர் முடிந்த பிறகு எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. நரி கோழிகளைத் தூக்குகிறது, அதற்காக என்றான். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அவன் முதலில் காட்டியது துப்பாக்கியை இல்லை, தோட்டாவை. கழுத்து சிறுத்து ஒரு குட்டிச் சாராயப் புட்டி போல இருந்தது. அதன் முனையில் இருந்த குண்டு என் சுண்டுவிரல் நுனியைவிட ஒல்லி.

"என்ன விலை இருக்கும், சொல்லு பாப்போம்," என்றான். நான் ஏதோ சொன்னேன். அவன் சிரித்தான். "ஒரு காப்பி காசுக்குக் கை நிறைய அள்ளிக் குடுத்தான்யா. எங்க வீட்டுக் கோழி போடுற முட்டை இதைவிட விலை ஜாஸ்தி."

பிறகு அவன் முற்றத்தில் கெட்டியான மரப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்து வைத்தான். கடைசியில் ஒரு பழைய இரும்பு அடுப்பின் கதவு. அக்கம்பக்கத்து ஆட்கள் கையில் பிளம் சாராயத்தோடு சுற்றி நின்றார்கள். சத்தம் பெரிதாக, காய்ந்த கிளை முறிவது போல் வந்தது. போய்ப் பார்த்தோம். எல்லாப் பலகையிலும் ஓட்டை, அடுப்புக் கதவிலும் ஓட்டை. போலீஸ்காரர்களின் தடித்த தோட்டா இரண்டாவது பலகையிலேயே படுத்துக்கொள்ளுமாம். இது சிறிசு, ஆனால் வேகம், அதனால் நிற்காது என்று விளக்கினான். கதவு ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே என் வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்ப்பா ரடோமிர், உன் வீடெல்லாம் இதுக்கு வெறும் பாலாடைக்கட்டிப்பா," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அன்று மத்தியானம் பீன்ஸ் சூப் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குப் பயம் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் உட்காரும் நாற்காலி, விடோயே வீட்டுப் பக்கச் சுவருக்கு முதுகைக் காட்டியபடி இருக்கும். என் முதுகுக்கும் அவன் முற்றத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒரு பலகை. அதன்மேல் ஒட்டிய காகிதம். அதில் மாட்டிய எங்கள் கல்யாணப் படம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை மேசைக்கு மறுபக்கம் போட்டேன். அங்கே உட்கார்ந்தால் நெஞ்சு அந்தச் சுவரைப் பார்த்தது. அது இன்னும் மோசம்.

அதற்கப்புறம் வீட்டில் எந்த இடத்திலும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. என் மனைவி ஸ்டமேனா கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், "பூனை குட்டியத் தூக்கிட்டு அலையற மாதிரி நாற்காலியத் தூக்கிட்டு அலையிறீங்களே, என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது என்றேன்.

விடோயேக்கு விளையாட்டுப் புத்தி. காலையில் நான் ஜன்னலருகே முகம் மழிக்கும்போது அவன் முற்றத்தில் நின்று விரலை என் பக்கம் நீட்டி, "டப்" என்பான். நான் சோப்புப் பிரஷை உயர்த்திக் காட்டுவேன். இருவரும் சிரிப்போம். கன்னத்தில் அடிக்கடி வெட்டுக் காயம் வர ஆரம்பித்தது. பிறகு கொட்டகையில் போய் மழித்தேன்.

எங்களுக்குள் பகை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. வேலித் தகராறு இல்லை, தண்ணீர்த் தகராறு இல்லை. ஸ்டமேனாவுக்குக் குடல்வால் வெடித்தபோது பனியில் தன் டிராக்டரில் படுக்க வைத்து உங்கள் டவுனுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று. காரணம் இருந்தால் போய்ப் பேசி முடிக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், நிலத்தை விட்டுக் கொடுக்கலாம். காரணமே இல்லாத ஆளிடம் எதைப் பேசி முடிப்பது, சொல்லுங்கள்.

விலைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு பன்றியை அறுப்பதென்றால்கூட நாங்கள் நாள் பார்ப்போம், ஆள் கூப்பிடுவோம், உப்பு வாங்குவோம். அதற்குள் மனசு மாற நேரம் இருக்கிறது. இது காப்பிக் காசு. கோபம் வேண்டாம், போதை வேண்டாம். வேலை இல்லாத ஒரு மத்தியானம் போதும். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு போதும். அப்படி ஒரு நினைப்பு எனக்கே வந்தது என்றால் அவனுக்கு வராதா?

அதனால் அந்தச் சுவர் ஓரமாகப் பீன்ஸ் மூட்டைகளை அடுக்கினேன். பிறகு விறகை உள்ளே கொண்டுவந்து தோள் உயரத்துக்கு அடுக்கினேன். கட்டிலை நகர்த்தினேன். ஸ்டமேனா தன் படுக்கையை டுன்யாவின் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடோயே காப்பி குடிக்க வந்தான். விறகு அடுக்கைப் பார்த்தான். எந்தச் சுவர் ஓரம் இருக்கிறது என்று பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. அன்று கேலி எதுவும் பேசவில்லை. ராஸ்பெரி விலை பற்றிப் பேசிவிட்டுப் போனான். சில நாள் கழித்து எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து மேசைமேல் வைத்தான். துப்பாக்கி, மிச்சத் தோட்டாக்கள், எல்லாம்.

"இந்தா, நீயே வச்சுக்க," என்றான். "நரி போயிருச்சு. எனக்கு எதுக்கு இது. நீ நல்லாத் தூங்குப்பா."

காசு எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து மூடினான்.

"காசெல்லாம் வேணாம். டுன்யா கல்யாணத்துக்கு முழு ஆட்டத் தணல்ல சுடுற வேலைய எனக்குக் குடு, போதும். வேற எவனாவது கருக்கித் தொலச்சிருவான்."

என் மகளுக்கு வசந்தத்தில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. சரி என்றேன். வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவன் போன பிறகு மேசைமேல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு இருந்தது பயமே இல்லை, நிஜமான பயம் அப்போதுதான் வந்தது. ஒன்றை இவ்வளவு லேசாகத் தூக்கிக் கொடுக்கிறவனிடம் இன்னொன்று இருக்கிறது. அந்த விலைக்கு யார்தான் ஒன்றோடு நிறுத்துவார்கள்? தன்னிடம் இல்லை என்று எனக்குக் காட்டுவதற்காகவே இதைக் கொண்டுவந்தான். அதற்கடுத்த நாளிலிருந்து விரலை நீட்டி "டப்" என்பதையும் நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினான் என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பனி உருகியதும் கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து ஒரு பலகையைக் கழற்றிக் காட்டுக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பின்னால் ஒரு பூசணிக்காயை வைத்தேன். ஒரு முறைதான் சுட்டேன். பூசணிக்காயை அங்கேயே பன்றிகளுக்கு விட்டுவிட்டு, பலகையைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் அடித்தேன். ஓட்டையில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். நான் வேலையில் சுத்தம்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வந்தால், பெண் வீட்டில் கட்டியிருக்கும் ஆப்பிளைச் சுட்டு வீழ்த்திய பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். எங்கே கட்டுவது என்பது பெண்ணின் அப்பா பாடு. அதில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் எப்போதும் தேவதாரு மரத்தின் உச்சியில் கட்டுவோம், தோட்டா எல்லாம் மேலே காட்டைப் பார்த்துப் போகும். நான் வால்நட் மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினேன். எங்கள் வாசல் மேட்டில் இருக்கிறது, வால்நட் மரம் நடுமுற்றத்தில், அதற்கு நேர் கீழே பள்ளத்தில் பலகைக் கொட்டகை. ஆடு சுடுவதைக் கொட்டகைக்குள் வைத்தேன். மழை வரும்போல் இருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, ஆனால் கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா மழைக்குப் பயப்படுவது சகஜம்.

ஆடு சுடுகிறவன் ஆட்டைக் கோத்த கம்பியை விட்டு எழுந்திருக்க மாட்டான். திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், அவன் முதுகுக்குப் பலகை. முக்காலியை நான்தான் போட்டேன். அவனுக்கு இடுப்பு வலி உண்டு, அதனால் ஒரு தலையணையும் வைத்தேன். பிறகு வாசலுக்குப் போய் நின்று பார்த்து, ஆப்பிள் கயிற்றை இன்னும் கொஞ்சம் நீளமாக்கினேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னதாகவே சொல்லி அனுப்பியிருந்தேன். பாலத்தருகே போலீஸ் நிற்கிறதாம், வண்டியில் துப்பாக்கி எதுவும் கொண்டுவர வேண்டாம், இங்கே ஒன்று இருக்கிறது என்று. நீங்கள் அங்கே நின்றீர்களா என்று எனக்குத் தெரியாது. வேட்டைத் துப்பாக்கியோடு வந்திருந்தால் அந்தப் பலகை தாங்கியிருக்கும்.

விடோயே விடியும்போதே ஏப்ரனும் கத்தியுமாக வந்துவிட்டான். நான் விறகு கொடுக்கப் போனேன்.

"ஏம்ப்பா, இப்பல்லாம் தூங்குறியா?" என்றான்.

தூங்குகிறேன் என்றேன்.

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே. கல்யாணம் முடியட்டும். ரெண்டு பேரும் ஆத்துப் பக்கம் மீன் புடிக்கப் போவோம், ஒரு வாரம். பொம்பளைங்க தொல்லை இல்லாம, நீயும் நானும் மட்டும்."

என்னை ஏன் தனியாக ஆற்றுப் பக்கம் கூப்பிடுகிறான் என்று யோசித்தபடியே வெளியே வந்தேன். அதுவரை எனக்குள் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. அதற்கப்புறம் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் அக்கார்டியன் சத்தத்தோடு வந்தார்கள். தலை உயரத்தில் தொங்கிய ஆப்பிளைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. என் சம்பந்தி பொகோசாவ் என்னைக் கட்டிப்பிடித்து, "சம்பந்தி, எங்க லசாரோட கண்ணு லட்சணம் உங்களுக்கும் எட்டிருச்சா?" என்று கேட்டார். லசார் காது வரை சிவந்துபோய் நின்றான். மாப்பிள்ளையின் தம்பிதான் சுட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

பொகோசாவ் விவரமான ஆள். "பின்னாடி கொட்டகை இருக்கே," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தப் பலகையைத் தடவிக் காட்டினேன். என் தங்கை கல்யாணத்தில் குடித்துவிட்டு அதில் வட்டம் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். ஈயக் குருணைகள் இன்னும் மரத்தில் பதிந்து இருக்கின்றன. "வேட்டைத் துப்பாக்கியையே தாங்குன பலகை சம்பந்தி, இந்தப் பொடித் தோட்டா எம்மாத்திரம்," என்றேன். அவர் ஒரு தோட்டாவை வாங்கி உருட்டிப் பார்த்தார். அவ்வளவு சிறிதாக இருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பலகைக்கு அந்தப் பக்கம் விடோயே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

நான் குறி வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று துப்பாக்கியைத் தொட்டதுகூட லசாரிடம் கொடுப்பதற்காகத்தான். கடவுள் விரும்பியிருந்தால் ஒன்றுகூட அவன்மேல் படாமல் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் கூடுதலாகச் சட்டைப் பையில் நிறையத் தோட்டா வைத்திருந்தேன். லசார் தவறவிட்டபோதெல்லாம் நானே நிரப்பிக் கொடுத்தேன். "தாராளமாச் சுடு தம்பி, காசா பணமா," என்றேன்.

அவன் நிறையவே தவறவிட்டான். ஒவ்வொரு முறையும் பெண்கள் ஓவென்று கேலி செய்தார்கள். பாட்டுச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. விடோயேக்கு அந்தச் சத்தம் எது என்று தெரிந்திருக்கும், அவனுடைய துப்பாக்கிதானே. எழுந்து வெளியே ஓடியிருக்கலாம். ஆனால் அவன் தேவதாரு உச்சியைச் சுடுவதாகத்தான் நினைத்திருப்பான். ஆட்டையும் விட்டு வரமாட்டான்.

கடைசியில் ஆப்பிள் சிதறியது. கதவைத் திறந்தோம். டுன்யா வெளியே வந்தாள். கைகோத்து வட்டமாக ஆட ஆரம்பித்தோம். என் ஒரு கையை பொகோசாவ் பிடித்திருந்தார், இன்னொரு கையை விடோயேயின் மனைவி கோசாரா.

வாசனை எனக்குத்தான் முதலில் தெரிந்தது. இறைச்சி ஒரே பக்கமாகக் கருகும் வாசனை. நான் ஆடிக்கொண்டே இருந்தேன். பெண்ணின் அப்பா பாட்டு முடிவதற்கு முன்னால் கையை விட்டால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். பிறகு கோசாராவின் கை என் கையில் நின்றுபோனது. முகத்தைத் திருப்பி மோந்து பார்த்தாள்.

"ஆடு கருகுதே," என்றாள். "அவரு ஆட்டக் கருக விடமாட்டாரே."

அவள்தான் கொட்டகைக்குப் போனாள். கத்தவில்லை. வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள், அவ்வளவுதான். அக்கார்டியன்காரன் ஒருவன் மட்டும் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தான். லசார் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, நான் ஆப்பிளத்தானே சுட்டேன். ஆப்பிளத்தானே அண்ணி சுட்டேன்," என்று டுன்யாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னான். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்ல பையன். அவனை விட்டுவிடுங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கோசாரா என் வீட்டுக்கு ரொட்டி கொண்டுவந்தாள். கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "உங்க மேல தப்புன்னு மனசப் போட்டு வருத்திக்காதீங்க அண்ணே," என்றாள். "எங்க வீட்டுக்காரரு கடைசி வரைக்கும் உங்கள நெனச்சுத்தான் கவலப்பட்டாரு. ரடோமிர் தூங்க மாட்டேங்கிறான், தூங்க மாட்டேங்கிறான்னு." ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைத் தாழிட்டேன். அதை நாய்க்குப் போட்டேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அந்த வீட்டில் அவள் மட்டும் இருக்கிறாள், அந்த இரண்டாவது துப்பாக்கியோடு. அவள் முற்றத்தில் கோழிக்குத் தீனி போடும்போதெல்லாம் நான் விறகு அடுக்குக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். அவளுக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமோ என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவளுடைய பால்கறவைக் கொட்டகையும் பலகைதான். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, நான் கெட்டவன் இல்லை. உடனே கிளம்பி உங்களிடம் வந்துவிட்டேன். லசாருக்கும் நல்லது, கோசாராவுக்கும் நல்லது.

விடோயே வீட்டை முழுக்கச் சோதித்தோம், வேறு துப்பாக்கி எதுவும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அவன் வாங்கியதே ஒன்றுதான் என்று விற்றவனும் சொல்லிவிட்டானாம். உங்கள் ஆட்கள் சிரமப்பட்டுத் தேடியிருப்பார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் சரியாகத் தேடவில்லை. அடுப்புக்குப் பின்னால் பாருங்கள். கோழிக்கூண்டைப் பாருங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். என்னை அடைத்திருக்கும் அறையில் மூன்று பக்கம் கல். நான்காவது பக்கம், பக்கத்து அறைக்காரர் இருக்கும் பக்கம், வெள்ளை அடித்திருப்பதால் என்னவென்று தெரியவில்லை. அவர் ரொம்ப நல்ல மனிதர். என்னிடம் சிகரெட் இல்லை என்று தெரிந்து, கம்பி வழியாகக் கையை நீட்டித் தன்னுடையதில் பாதியைக் கொடுத்தார். "பயப்படாதீங்க அண்ணே, தூங்குங்க," என்றார். எதற்காகக் கொடுத்தார் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் அந்தச் சுவரை மெதுவாகத் தட்டிப் பார்த்தேன், அய்யா. உள்ளே பலகை மாதிரிதான் கேட்டது. உடனே அவரும் பதிலுக்குத் தட்டினார், சரியாக என் தலை இருந்த இடத்தில்.